எதை விடப் போகிறீர்கள்?

(பி.பி.ஏ., பி.காம். இறுதியாண்டு மாணவர்களுக்கு வணிக வியூகம் கற்பிப்பது பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்)

கேள்வி: வியூக மேலாண்மைப் பாடத்தை ஏன் கடைசி ஆண்டில் வைக்கிறார்கள்? சுவையான பாடம் என்றால் முதல் ஆண்டிலேயே வைக்கலாமே?
– பி.காம். மாணவி, திண்டுக்கல்

பதில்: அக்கவுன்ட்ஸ் தெரியாமல் ஒரு கிளையை மூடலாமா, வேண்டாமா என்று எப்படிச் சொல்வீர்கள்? கார்டன், ஹவல் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்க வணிகக் கல்வியை ஆராய்ந்து 1959-இல் ஓர் அறிக்கை தந்தார்கள். தனித்தனியாகப் படித்த கணக்கு, விற்பனை, ஆள் நிர்வாகம் எல்லாவற்றையும் ஒரே பிரச்சினையின் மேல் கொண்டுவந்து நிறுத்தும் பாடம் ஒன்று கடைசியில் வேண்டும் என்றார்கள். நியாயமான பேச்சு. ஆனால் அதைப் பல இடங்களில் இன்னொரு தனிப் பாடமாகவே நடத்துகிறோம். அங்கேதான் உயிர் போகிறது.

கேள்வி: என் மாணவர்களுக்கு இருபது வயது. பெட்டிக்கடைகூட நடத்தியதில்லை. அவர்களுக்கு எப்படி வியூகம் சொல்லித் தருவது?
– உதவிப் பேராசிரியர், ஈரோடு

பதில்: முதலில் முடிவெடுக்க வையுங்கள். விளக்கம் அப்புறம்.

2007-ஆம் ஆண்டுக்கு வகுப்பைக் கூட்டிப் போங்கள். இரண்டு இந்திய விமான நிறுவனங்கள். பெயரைச் சொல்ல வேண்டாம். 'அ' 2005-இல் தொடங்கியது. சாப்பாடு இலவசம், இருக்கைக்கு இருக்கை திரை, உபசரிப்பில் குறையே இல்லை. இப்போது மலிவுக் கட்டண நிறுவனம் ஒன்றையும் வாங்குகிறது. 'ஆ' 2006 ஆகஸ்டில் பறக்கத் தொடங்கியது. ஒரே ரக விமானம், ஒரே வகுப்பு, சாப்பாடு வேண்டுமென்றால் காசு. முதல் விமானம் கிளம்புவதற்கு ஓராண்டு முன்பே நூறு ஏர்பஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறது. உங்கள் வீட்டுச் சேமிப்பை எதில் போடுவீர்கள்? ஒவ்வொருவரும் காரணத்தோடு எழுதிக் கொடுத்த பிறகுதான் பேச்சு.

'அ' கிங்ஃபிஷர், 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியது. 'ஆ' இண்டிகோ. பெயரைச் சொல்லிவிட்டு ஆரம்பித்தீர்களானால் வகுப்பில் அத்தனை பேரும் கிங்ஃபிஷர் முதலாளி மல்லையாவைத் திட்டிவிட்டு எழுந்து போவார்கள். முடிவு தெரிந்த பின் வரும் அறிவு தேர்வுத்தாளுக்குப் போதும், கல்லாப் பெட்டிக்குப் போதாது.

பெயர்கள் வெளிப்பட்ட பிறகுதான் விறுவிறுப்பு. அப்போதைய இண்டிகோவில் ஒரே ரக விமானம் என்பதால் விமானிக்கு ஒரே பயிற்சி, கிடங்கில் ஒரே உதிரிபாகம். சூடான சாப்பாடு ஏற்றும் வேலை இல்லாததால் விமானம் சீக்கிரம் திரும்பக் கிளம்பும். சீக்கிரம் கிளம்பினால் அதே விமானம் நாளுக்கு இன்னொரு முறை பறக்கும். "சாப்பாட்டை மட்டும் இலவசமாகக் கொடுத்தால் கூட்டம் இன்னும் கூடுமே" என்று ஒரு பையன் கட்டாயம் கேட்பான். அவனை உட்காரச் சொல்லாதீர்கள். ஒன்றைச் சேர்த்தால் மற்ற நான்கும் எப்படிக் குலையும் என்று அவனையே கரும்பலகையில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். வியூக அறிஞர் மைக்கேல் போர்ட்டர் 1996-இல் எழுதிய கட்டுரையின் சாரம் அதுதான்: எதைச் செய்ய மாட்டோம் என்று முடிவு செய்வது வியூகத்தின் பாதி, செய்வதெல்லாம் ஒன்றையொன்று தாங்குவது மறுபாதி.

கேள்வி: ஸ்வாட் அலசல் (பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல்) கொடுத்தால் நான்கு கட்டங்களையும் பத்து நிமிடத்தில் நிரப்பிவிடுகிறார்கள். 'பலம்: தரமான பொருள்.' என்ன செய்வது?
– பேராசிரியை, நாகர்கோவில்

பதில்: திருப்பிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 'தரமற்ற பொருள் விற்போம்' என்று எந்த நிறுவனமாவது சொல்லுமா? சொல்லாது என்றால் அது முடிவே இல்லை, வெறும் ஆசை. மேலாண்மைப் பேராசிரியர் ரோஜர் மார்ட்டின் வலியுறுத்தும் சோதனை இது. எதிர்ப்பக்கத்திலும் புத்தியுள்ள ஒருவர் நிற்க முடிந்தால்தான் அங்கே ஒரு தேர்வு நடந்திருக்கிறது. இதை வைத்துச் சலித்தால் நான்கு கட்டங்களில் பாதி காலியாகும். மிச்சமிருப்பதை வைத்துப் பேசுங்கள்.

கேள்வி: என் அப்பா திருப்பூரில் பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறார். போர்ட்டரின் ஐந்து விசைகளை மனப்பாடம் செய்துவிட்டேன். அது எங்கள் குடோனுக்குள் வருமா?
– பி.பி.ஏ. மாணவர், திருப்பூர்

பதில்: தம்பி, அது உங்கள் குடோனில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. பீஸ் ரேட்டை யார் வைக்கிறார்கள்? ஆர்டர் கொடுக்கும் பனியன் கம்பெனி. அதுதான் வாங்குபவரின் பலம். டெய்லர் அடுத்த தெருவில் நாலு காசு கூடக் கிடைத்தால் போய்விடுகிறாரா? அது தருபவரின் பலம். நாலு மெஷின் வாங்கினால் எவரும் நாளைக்கே தொழில் தொடங்கலாம், பக்கத்துக் கட்டடத்தில் அதே வேலைதான் நடக்கிறது, கம்பெனியே உள்ளே தைத்துக்கொண்டால் உங்களுக்கு வேலையே இல்லை. ஐந்தும் ஒரே இடத்தில் அழுத்துகின்றன. அப்பா காலையிலிருந்து ராத்திரி வரை உழைத்தும் கையில் நிற்காததற்கு அவர் திறமைக்குறைவு காரணமில்லை, அவர் நிற்கும் இடம் காரணம். போர்ட்டர் 1979-இல் சொன்னது இதைத்தான்.

இனி உங்கள் வேலை. இந்த ஐந்தில் ஒன்றையாவது தளர்த்தும் இடம் எது? சிறிய ஆர்டரை வேகமாக முடித்துத் தருவதா, எல்லோருக்கும் கைவராத ஒரு தையலில் மட்டும் நிற்பதா? எதைத் தேர்ந்தாலும் சில பெரிய ஆர்டர்களை வேண்டாம் என்று சொல்ல வேண்டிவரும். இதுவரை எந்த ஆர்டரைத் திருப்பி அனுப்பினார் என்று அப்பாவிடம் கேளுங்கள். அந்தப் பதிலை வகுப்பில் சொல்லுங்கள்.

இன்னொன்று. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் ஊரே ஆடிப்போனது. ஐந்து விசைகளில் நீதிமன்றமும் ஆறும் எந்தக் கட்டத்தில் வருகின்றன? இப்படிக் கேட்கும் மாணவருக்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.

கேள்வி: வியூகம் முன்கூட்டியே தீட்டுவதா, போகப்போக அமைவதா?
– எம்.காம். மாணவி, தஞ்சாவூர்

பதில்: ஹோண்டாவின் கதையை இரண்டு தடவை படித்தால் இரண்டு பதில் கிடைக்கும். அமெரிக்க மோட்டார் சைக்கிள் சந்தையை ஹோண்டா பிடித்தது எப்படி என்று பாஸ்டன் கன்சல்டிங் குழு பிரிட்டிஷ் அரசுக்காக 1975-இல் ஆராய்ந்தது. உற்பத்தியைப் பெருக்கி, செலவைக் குறைத்து, கணக்குப் போட்டு இறங்கினார்கள் என்றது அறிக்கை. படிக்கப் படிக்க எல்லாம் கச்சிதம்.

பிறகு ரிச்சர்ட் பாஸ்கேல் என்ற பேராசிரியர், 1959-இல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட அந்த ஜப்பானியர்களையே நேரில் சந்தித்துக் கேட்டார். 1984-இல் எழுதினார். அவர்கள் விற்க நினைத்தது பெரிய வண்டிகளை. அமெரிக்கச் சாலைகளில் நெடுந்தூரம் வேகமாக ஓட்டியதில் எண்ணெய் ஒழுகியது, கிளட்ச் போனது. தாங்கள் ஊர்சுற்ற வைத்திருந்த 50 சிசி சின்ன வண்டிகளைத்தான் வழியில் பார்த்தவர்கள் எல்லாம் விசாரித்தார்கள். வேறு வழியில்லாமல் அதை விற்றார்கள். அது ஓடியது.

இதில் எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். ஹோண்டா ஓட்டுபவர்கள் நல்ல மனிதர்கள் என்ற கருத்தில் வந்து புகழ்பெற்ற விளம்பரத்தின் மூலக் கரு எங்கிருந்து வந்தது? லாஸ் ஏஞ்சலஸில், யு.சி.எல்.ஏ.வில் படித்த ஓர் இளநிலை மாணவர் வகுப்புக்காக எழுதிக் கொடுத்த அசைன்மென்டிலிருந்து. இறுதியாண்டு அசைன்மென்டை மதிப்பெண்ணுக்கு மட்டும் திருத்தும் ஆசிரியர்கள் இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள்.

உங்கள் கேள்விக்கு: திட்டம் வேண்டும், அது உடையும்போது பார்க்கக் கண்ணும் வேண்டும். இரண்டு விளக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள், ஒன்றை மட்டும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எல்லாமே அமெரிக்கச் சரக்காக இருக்கிறதே?
– வாசகர், மதுரை

பதில்: மதுரையிலிருந்தா கேட்கிறீர்கள்! டாக்டர் ஜி. வெங்கடசாமி ஓய்வுபெற்ற பிறகு, 1976-இல், 11 படுக்கைகளோடு உங்கள் ஊரில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை ஹார்வர்ட் 1993-இல் கேஸாக எழுதியது. கோயம்புத்தூரில் பிறந்த மேலாண்மை அறிஞர் சி.கே. பிரகலாத் தன் புத்தகத்தில் அதை விரிவாக எடுத்துப் பேசினார். உங்கள் ஊர்க் கல்லூரிகளில் அது முதல் கேஸாக இருக்க வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்வியும் தயாராகவே இருக்கிறது. கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், விலை ஏழைக்கு எட்டாது. சிகிச்சை பார்க்கும் இடம் தொழிற்சாலை தொடங்கலாமா? மருத்துவமனை தன் வேலையை மட்டும் பார்க்க வேண்டும் என்பதற்கும் நல்ல காரணங்கள் உண்டு. வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதாட விடுங்கள். 1992-இல் அரவிந்த் தன் லென்ஸ் தொழிற்சாலையான ஆரோலேப்பைத் தொடங்கிய கதையை மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது சொல்லுங்கள்.

கேள்வி: பல்கலைக்கழகத் தேர்வில் 'விளக்குக' என்றுதானே கேட்கிறார்கள்? நான் விவாதம் நடத்திக்கொண்டிருந்தால் பாடம் முடியாதே?
– விரிவுரையாளர், விழுப்புரம்

பதில்: இன்டர்னல் மார்க் உங்கள் கையில் இருக்கிறது. அதில் ஒரு பங்கை ஒரே ஒரு பக்கத்துக்கு வையுங்கள்: என்ன செய்யப் போகிறோம், அதற்காக எதை விடுகிறோம், என்ன தெரியவந்தால் மனதை மாற்றிக்கொள்வோம். மூன்றாவதுதான் கடினம். அதை எழுதிப் பழகிய பிள்ளை 'விளக்குக'வையும் எழுதிவிடும்.

கேள்வி: குழு வேலையில் ஒருவர் உழைக்க, நால்வர் பெயர் போட்டுக்கொள்கிறார்கள்.
– அந்த ஒருவர், சேலம்

பதில்: குழு கூடும் முன்பே ஐவரும் தனித்தனியாகத் தங்கள் முடிவை எழுதி ஆசிரியரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று கேளுங்கள். மதிப்பெண்ணில் பாதி அதற்கு. இதை ஆசிரியரிடம் நீங்களே போய்ச் சொல்லலாம், தவறில்லை.

கேள்வி: சாட்ஜிபிடி எழுதிய கேஸ் அலசலை எப்படித் தடுப்பது?
– துறைத் தலைவர், வேலூர்

பதில்: தடுக்க வேண்டாம், அதற்குத் தெரியாததைக் கேளுங்கள். இண்டிகோவைப் பற்றி அது எழுதும். உங்கள் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள பேக்கரி ஏன் கடன் கணக்கை நிறுத்தியது என்று எழுதாது. அதை நடந்து போய்க் கேட்டு வர வேண்டும். வந்ததும் ஐந்து நிமிட வைவா: "உன் யோசனையை அந்தக் கடைக்காரர் ஏற்க மறுக்கிறார். எதற்காக மறுப்பார்?"

கேள்வி: ஆங்கிலம் தடுமாறுகிறது. வகுப்பில் வாயே திறப்பதில்லை.
– பி.பி.ஏ. மாணவி, தருமபுரி

பதில்: தமிழில் வாதாடுங்கள் அம்மா. வீட்டில் நகையை அடகு வைப்பதா, நிலத்தை விற்பதா என்று எந்த மொழியில் முடிவெடுத்தார்கள்? தேர்வுக்கு வேண்டிய ஆங்கிலச் சொற்களைத் தனியே எழுதிப் பழகிக்கொள்ளுங்கள். ஆசிரியர் மறுத்தால் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

கேள்வி: இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?
– ஒரு தந்தை, கடலூர்

பதில்: முதல் வேலையில் உங்கள் மகளிடம் யாரும் வியூகம் கேட்க மாட்டார்கள். ஆனால் சேர்ந்திருக்கும் கம்பெனி இன்னும் ஐந்து வருடம் தாங்குமா என்று அவளுக்கே தெரியும்.

கேள்வி: அடுத்த வாரம் முதன்முறையாக இந்தப் பாடம் எடுக்கிறேன். முதல் வகுப்பில் என்ன செய்யட்டும்?
– புதிய ஆசிரியர், சிவகங்கை

பதில்: புத்தகத்தைத் திறக்காதீர்கள். கல்லூரி கேன்டீனில் விற்பவற்றில் மூன்றை நிறுத்த வேண்டும், எவற்றை என்று கேளுங்கள். சேர்ப்பதற்குச் சொன்னால் ஆளுக்கு ஒரு பட்டியல் நீட்டுவார்கள், அதனால் நிறுத்தத்தான் சொல்ல வேண்டும். அடுத்த வகுப்புக்குக் கேன்டீன் நடத்துபவரையே அழைத்து உட்காரவைத்து, அந்த மூன்றையும் அவர் ஏன் இன்னும் போடுகிறார் என்று கேளுங்கள். சிற்றுண்டிச் செலவு உங்களுடையது.