பஞ்சப்படி

ஜனவரியும் ஜூலையும் தாண்டினால் அப்பா விட மாட்டார். "கண்ணு, பஞ்சப்படி எத்தன ஏத்துனாங்க?" என்று போன் போட்டுக் கேட்பார். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. என் சம்பளச் சீட்டில் அதன் பெயர் அகவிலைப்படி. அப்பாவுக்கு அந்தச் சொல்லே ஆகாது. "அகவிலையாவது புறவிலையாவது! பஞ்சத்துக்குக் குடுக்கறது பஞ்சப்படி" என்பார். 2025 நவம்பரில் 58 சதவீதம் ஆகிவிட்டது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டார்: "இதுக்கு ஒருத்தராச்சும் ஒரு நாளு வேலைக்குப் போகாம இருந்தீங்களா?"

இல்லை. ஸ்டாஃப் ரூமில் யாருடைய போனிலோ வாட்ஸ்அப் செய்தி வந்தது. யாரோ மைசூர்பாகு வாங்கி வந்தார்கள். எனக்குச் சர்க்கரை இருப்பதால் பாதிதான் எடுத்துக்கொண்டேன்.

அப்பாவின் அரசியல் முழுக்கப் படியில்தான் நடந்தது. 1967-இல் அவர் போட்ட முதல் ஓட்டு, ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற பேச்சுக்கு. மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றார்கள். அந்த நிச்சயமான ஒரு படியும் சென்னைக்கும் கோவைக்கும் மட்டும்தான் வந்தது. எங்கள் ஊர் திருப்பூர் அப்போது கோவை மாவட்டத்தில் இருந்தாலும் படி என்னவோ பஸ் ஏறவில்லை. அடுத்த படி 1984-இல் வந்தது, பஞ்சப்படி.

அந்த வருஷம் எனக்குப் பதினோரு வயது. விலைவாசி ஏற ஏறக் கூலியும் கூட ஏற வேண்டும் என்று கேட்டு பனியன் கம்பெனி ஆட்கள் வேலையை நிறுத்தினார்கள். நான்கு மாதத்துக்கு மேல் ஊரே மெஷின் சத்தமில்லாமல் கிடந்தது. அப்பா பவர் டேபிளில் தைப்பவர், செங்கொடிச் சங்கத்தில் வார்டு அளவில் பெரிய ஆள். காலையில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனால் ராத்திரிதான் வருவார், தொண்டை கட்டிப்போய்.

அம்மா தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவ ஒரு குச்சி வைத்திருந்தாள். குச்சி முனையில் பனியன் வேஸ்ட்டைச் சுற்றி நூலால் கட்டியிருக்கும். அதைக் கடலெண்ணெய்க் கிண்ணத்தில் முக்கி, விளிம்பில் ஒரு தடவை வழித்துவிட்டுக் கல்லில் தேய்ப்பாள். இரண்டாம் மாதம் கடலெண்ணெய் போய் ரேஷன் பாமாயில் வந்தது. மூன்றாம் மாதம் கிண்ணத்தையே காணோம். ஆனாலும் அம்மா அந்தக் காய்ந்த துணியால் கல்லைத் தேய்த்துவிட்டுத்தான் மாவை ஊற்றினாள். தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டு வரும். சுரண்டித் தின்றோம்.

நாலாம் மாதம் அம்மாவின் முக்கால் சவரன் தோடு அடகுக்குப் போனது. சவரன் இரண்டாயிரத்துக்குள் இருந்த காலம் அது. ஒப்பந்தம் முடிந்து அப்பா வேலைக்குத் திரும்பினார். தோடு திரும்பவில்லை, வட்டியில் மூழ்கிவிட்டது. அன்று முதல் எங்கள் வீட்டில் விலைவாசியை அளப்பது அந்தத் தோட்டை வைத்துத்தான். 2025 அக்டோபரில் பணவீக்கம் வெறும் 0.25 சதவீதம், இந்தக் கணக்கு வரிசை தொடங்கியதிலிருந்து இவ்வளவு இறங்கியதேயில்லை என்று டி.வி.யில் சொன்னார்கள். அதே மாதம்தான் சவரன் 90,000-ஐத் தாண்டியது. அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்: "என்ற தோடு அறுவத்தஞ்சாயிரத்துக்கு மேல போயிருச்சு." அப்பா டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.

வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஊர் மாறியது. பெரிய கம்பெனிகள் தங்களைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டு, வேலையை ஜாப் ஒர்க்காக வெளியே விட ஆரம்பித்தன. 1978-இல் இத்தாலிக்காரர் ஒருவர் வெள்ளை பனியன் தேடி வந்து தொடங்கிவைத்த எக்ஸ்போர்ட்டும் சூடு பிடித்தது. அப்போதெல்லாம் அமெரிக்காவுக்கு அனுப்ப வரி பெரிய பேச்சில்லை, கோட்டாதான் பேச்சு. இந்தியாவிலிருந்து வருஷத்துக்கு இத்தனை உருப்படிதான் உள்ளே வரலாம் என்று அவர்கள் எண்ணி வைத்திருந்தார்கள். கையில் கோட்டா இருப்பவர் பனியனே தைக்காமல் கோட்டாவை மட்டும் விற்றுப் பிழைத்தார். "வெறுங்காத்த விக்கிறானுக" என்று அப்பா திட்டுவார். 2005 ஜனவரி முதல் தேதி கோட்டா ஒழிந்தது. இனி உலகமே திறந்த கதவு என்று மேடை போட்டுப் பேசினார்கள். அதை நம்பி என் தம்பி ஆறு மெஷின் வாங்கிப் போட்டான்.

சங்கக்காரர் மகன் முதலாளி ஆனதில் அப்பாவுக்கு உள்ளூரப் பெருமைதான். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். தம்பி சாப்பிட வந்தால், "வர்க்க எதிரி வந்துட்டான், சோத்தப் போடு" என்பார். ஆறு மெஷின் இருபத்திரண்டு ஆனது. ஒரு எக்ஸ்போர்ட்டருக்கு டி-ஷர்ட் தைத்துக் கொடுக்கும் வேலை. தைப்பவர்களில் பாதிப் பேர் ஒடிசா, பீகார் பையன்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் காதர்பேட்டையில் செல்போன் கவர் வாங்குவதைப் பார்த்தால், 1984-இல் மதுரைப் பக்கமிருந்து வந்து எங்கள் லைன் வீட்டில் குடியிருந்தவர்கள் ஞாபகம் வரும்.

2025 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 25 சதவீதம் கூடுதல் வரி போட்டது. ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறோம் என்று 27-ஆம் தேதியிலிருந்து இன்னொரு 25. அப்போது வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20தான், பாகிஸ்தானுக்கு 19. தம்பி எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினான். நாலு டாலர் காட்டன் டி-ஷர்ட்டுக்கு முன்பே 16.5 சதவீதம் வரி உண்டு, அது 66 சென்ட். இப்போது அதோடு இன்னும் இரண்டு டாலர். "இதுல நம்ம தையக் கூலி எவ்வளவுடா?" என்று கேட்டேன். பீஸுக்குப் பதினாலு ரூபாய் என்றான். எக்ஸ்போர்ட்டர் அதைப் பன்னிரண்டாகக் குறைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். இரண்டு டாலர் ஓட்டையை இரண்டு ரூபாய் நூலால் தைக்கப் பார்த்தார்கள்.

ரஷ்யா எண்ணெய் மலிவு என்றார்களே, அந்த மலிவு எங்கள் பெட்ரோல் பங்க் வரை வந்து சேரவில்லை. லிட்டர் நூறு ரூபாய்க்குக் கீழே இறங்கவேயில்லை. தண்டம் மட்டும் நேராகத் திருப்பூருக்கு வந்து, ஒன்றரை ஷிப்டை ஒரு ஷிப்ட் ஆக்கியது.

அந்த 27-ஆம் தேதி விநாயகர் சதுர்த்தி. நம் நேரப்படி காலை ஒன்பதரை மணிக்கு வரி அமலுக்கு வந்தபோது அம்மா கொழுக்கட்டை அவித்துக்கொண்டிருந்தாள். தம்பியின் மாமனார் காங்கேயம் பக்கத்துத் தோப்பிலிருந்து வந்திருந்தார். முன்பெல்லாம் ஒரு மூட்டைத் தேங்காயை வண்டியிலிருந்து உருட்டிவிடுவார். அந்த வருஷம் தேங்காய் விற்ற விலைக்கு, மஞ்சப்பையில் எண்ணி ஐந்து கொண்டுவந்தார். அதையும் ஒரு பெரிய சீர் போல அம்மா கையில்தான் கொடுத்தார். பூரணத்தில் தேங்காயைத் தேட வேண்டியிருந்தது.

பேச்சு எப்படி ஆரம்பித்தது என்று ஞாபகமில்லை. தம்பி அமெரிக்க அதிபரை வாயில் வந்தபடி திட்டிக்கொண்டிருந்தான். மாமனார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நம்ம ஊர்லயும் அப்படி ஒருத்தன் வரோணுமுங்க மாப்ள" என்றார். தம்பிக்குக் கொழுக்கட்டை புரையேறியது. விஷயம் பாமாயில். 2024 செப்டம்பரில் கச்சா பாமாயிலுக்கு 20 சதவீத அடிப்படை இறக்குமதி வரி போட்டார்கள். தென்னை வைத்திருப்பவர்கள் கொஞ்சம் மூச்சுவிட்டார்கள். சமையல் எண்ணெய் விலை ஏறுகிறது என்று 2025 மே கடைசியில் அதைப் பத்தாகக் குறைத்தார்கள். "மலேசியாக்காரன் எண்ணெய்க்கு நூறு போடோணும். ரேசன்ல பாமாயில நிறுத்திப்போட்டுத் தேங்காயெண்ணெய் ஊத்தோணும்."

"மாமா, நாம போட்டா நியாயம், அவன் போட்டா அநியாயமுங்களா?"

"நீங்க விக்கிறது பனியனுங்க. நா விக்கிறது தேங்கா."

இதற்கு மேல் பொருளாதாரத்தை யாராலும் சுருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன். தம்பியும் சளைத்தவனில்லை. வெளிநாட்டுப் பஞ்சுக்கு இருந்த 11 சதவீத இறக்குமதி வரியை ஆகஸ்ட் 19-லிருந்து நீக்கியதற்கு ஸ்டேட்டஸ் வைத்தவன் அவன்தான். நூல் விலை ஏறினால் நூல் ஏற்றுமதியைத் தடை செய் என்று கடையடைக்கும் ஊர் இது. பனியன் ஏற்றுமதிக்கு எவராவது குறுக்கே நின்றால் அதற்கும் அடைக்கும். நல்லவேளை, பஞ்சு போடும் சொந்தம் யாரும் அன்று பந்தியில் இல்லை.

அம்மா இடையில் ஒன்று சொன்னாள்: "ரேசன்ல இருவத்தஞ்சு ரூவாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில் குடுக்கறாங்க. அதுல கை வெச்சீங்கன்னா நானே கொடி புடிப்பேன்." மாமனார் சம்பந்தியம்மாளை எதிர்த்துப் பேசுகிறவர் இல்லை. மோரைக் கேட்டு வாங்கிக் குடித்தார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "டீச்சரம்மிணி, நீங்க சொல்லுங்க." நான் சொன்னேன், நன்றாகவே சொன்னேன். தடையில்லாத வாணிபம், ஏழைக்கு மலிவு விலை, விவசாயிக்கு நேரடி உதவி என்று அழகாகப் பிரித்துப் பேசினேன். முடித்ததும் அப்பா, "அதுக்கென்ன, விலை ஏறுனா இவளுக்குப் பஞ்சப்படி ஏறும். இறங்குனா கையில மிச்சம். ரெண்டு பக்கமும் திருப்பிப் போட்டுக்கற சட்டை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

அடுத்த சில நாளில் ஒரு ஆர்டரைப் பாதியில் நிறுத்தச் சொல்லி போன் வந்தது. தைத்து முடித்த பீஸ்களில் சிலதைத் தம்பி வீட்டுக்குக் கொண்டுவந்து கொட்டினான். நெஞ்சில் பெரிதாக அமெரிக்கக் கொடி. அடியில் ஏதோ பேஸ்பால் குழு மாதிரி எழுத்து. கழுத்தில் தொங்கிய அட்டையில் 14.99 டாலர் விலை. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையை வெகுநேரம் பார்த்தார். டாலருக்கு எவ்வளவு என்று கேட்டார். எண்பத்தெட்டு என்றேன். "ஆயிரத்து முன்னூறு" என்று முணுமுணுத்துவிட்டு, தையல் பக்கத்தைத் திருப்பி ஓவர்லாக்கை விரலால் இழுத்துப் பார்த்தார். "தையல் நல்லாத்தான் இருக்குது" என்றார். மகனைப் பாராட்டி அவர் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

ஆளுக்கு இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். கைமடிக்க வரும் பெண்களின் பிள்ளைகள் எல்லாம் ஒரே நாளில் அமெரிக்கர்களாகித் தெருவில் கபடி ஆடினார்கள். சுதேசிப் பொருளையே வாங்குங்கள் என்று சுதந்திர தினத்தில் பிரதமர் பேசியதற்கு, என் கண்ணில் பட்டவரை முதலில் கட்டுப்பட்டது எங்கள் தெருதான். கொடியை விடாமல் அடிபட்டு 1932-இல் குமரன் விழுந்த ஊர் இது. அன்று அந்நியத் துணியைக் கொளுத்தினார்கள். இன்று அமெரிக்கக்காரன் கணக்கில் அந்நியத் துணி நாங்கள்.

செப்டம்பர் 2 அன்று அமெரிக்க வரியைக் கண்டித்து ஊரில் பெரிய ஆர்ப்பாட்டம். சங்கத்திலிருந்து ஆட்டோ அனுப்பியிருந்தார்கள். எண்பத்திரண்டு வயதில் வெயிலில் எதற்கு என்று நான் தடுத்தும் அப்பா கேட்கவில்லை. வேட்டி கட்டி, கைக்கு வந்த சட்டையை மாட்டிக்கொண்டு ஏறிவிட்டார். துணைக்கு நானும் ஏறினேன். பாதி வழியில்தான் கவனித்தேன், நெஞ்சில் அந்தக் கொடி.

இறங்கியதும் தோழர் ஒருவர் வாயடைத்து நின்றார். பழைய ஆள், 1984-இல் அப்பாவோடு ஒரே பாயில் படுத்தவர். "என்னங்ணா இது, எவன எதுத்து வந்திருக்கறமோ அவன் கொடியவே போட்டுட்டு வந்திருக்கறீங்க?"

"நின்னுபோன ஆர்டருப்பா. பீஸு பன்னெண்டு ரூவாக் கூலி. ஆரு போடறது பின்ன?"

தோழர் தன் சிவப்புத் துண்டை எடுத்து அப்பாவின் நெஞ்சு மறையும்படி போர்த்திவிட்டார். கோஷம் ஆரம்பித்தது. இரண்டாவது கோஷத்துக்குக் கையைத் தூக்கும்போது துண்டு நழுவிக் கீழே விழுந்தது. அப்பா குனிந்து எடுத்து, முகத்து வேர்வையைத் துடைத்து, பழையபடி தோளில் போட்டுக்கொண்டார்.