தரையில் படுக்க இவ்வளவு வாடகையா?

கேள்வி: ஜப்பானின் பாரம்பரிய விடுதியான ரியோகானில் கட்டில்கூடக் கிடையாதாமே! பிறகு எதற்கு நட்சத்திர ஹோட்டலை மிஞ்சும் கட்டணம்?

பதில்: காசு கட்டிலுக்கு இல்லை, கவனிப்புக்கு! கட்டணம் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்றுதான். இரவு, காலைச் சாப்பாடு அதிலேயே அடக்கம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தால், தத்தாமி பாய் விரித்த அறைக்கே பச்சைத் தேநீரும் இனிப்பும் வந்துவிடும். இரவில் கைசெகி விருந்து. அந்தந்தப் பருவத்து மீனும் காயும் அளவாக, அழகாக, சின்னக் கிண்ணங்களில் ஒவ்வொன்றாக வரும். நீங்கள் சாப்பிட்டு எழுவதற்குள் மெத்தை விரித்துத் தயாராக இருக்கும். டிப்ஸும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

யமனாஷி மாகாணத்தின் மலைகளுக்கு நடுவே இருக்கும் கெய்உன்கான் விடுதி கி.பி. 705-ல் தொடங்கியது. உலகின் மிகப் பழைய ஹோட்டல் என்று கின்னஸே ஒப்புக்கொண்டிருக்கிறது. 1,300 வருட உபசாரம் என்றால் சும்மாவா?

இரண்டே விஷயங்களில் கவனம் தேவை. வெந்நீர் ஊற்றுத் தொட்டி ஊறுவதற்குத்தான். சோப்பு போட்டுக் குளித்து முடித்த பிறகே அதில் இறங்க வேண்டும். அங்கே தரும் யுகாத்தா அங்கியில் இடப்பக்கம்தான் மேலே வர வேண்டும். மாற்றிக் கட்டினால் ஊழியர்கள் பதறிப்போவார்கள். அது இறந்தவருக்கு உடுத்தும் முறை!

போவதானால் பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் போய்ச் சேருங்கள். ராத்திரி பத்து மணிக்குப் போய்த் தூங்கிவிட்டு வந்தால், கொடுத்த காசில் பாதி வீண்.