பதினைந்து மார்க்குக்கு மட்டும் நீதி

மகளையோ மகனையோ சட்டக் கல்லூரியில் சேர்த்துவிட்டு, "இனி நம்ம வீட்லயும் ஒரு வக்கீல்" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும் பெற்றோர்களே, வாழ்த்துகள். சென்னையில் சொந்த வீடு இருந்தால் இன்னும் நல்லது. இந்த ஊரில் போலீசுக்கும் வக்கீலுக்கும் வாடகைக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. சட்டம் படிக்கிறேன் என்று பிள்ளை வாயைத் திறந்தாலே டூ-லெட் பலகை உள்ளே போய்விடும்.

கல்லூரி எங்கே என்று கேட்கிறீர்களா? 1891-இல் தொடங்கிய சென்னை சட்டக் கல்லூரி உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருந்தது. நாலு எட்டு வைத்தால் கோர்ட் ஹால். 2008 நவம்பரில் அங்கே மாணவர்கள் கட்டையால் அடித்துக்கொண்டதையும், போலீஸ் நின்று வேடிக்கை பார்த்ததையும் நாடே டிவியில் பார்த்தது. கமிஷன் வைத்தார்கள். மெட்ரோ பள்ளத்தால் கட்டடத்தில் விரிசல் என்றும் சொன்னார்கள். 2018-இல் கல்லூரியை இரண்டாக உடைத்து, ஒரு பாதியைத் திருவள்ளூருக்கும் அப்பால் பட்டறைப்பெரும்புதூருக்கும், மறு பாதியைப் புதுப்பாக்கத்துக்கும் அனுப்பிவைத்தார்கள். டாக்டருக்குப் படிப்பவன் ஆஸ்பத்திரிக்குள்ளேயே படிக்கிறான். வக்கீலுக்குப் படிப்பவன் கோர்ட்டைப் பார்க்க இரண்டு பஸ் மாற வேண்டும்.

படிப்பைப் பற்றியும் கவலை வேண்டாம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 511 பிரிவுகளை உருப்போட்டு முடித்த நேரத்தில், 2024 ஜூலை 1 முதல் அது செல்லாது, இனி பாரதிய நியாய சன்ஹிதா என்றார்கள். கொலைக்குரிய 302 இப்போது 103. மோசடிக்குரிய 420 இப்போது 318. புதிய சட்டமே 358-ஓடு முடிந்துவிடுகிறது. ஊரில் 420-கள் மட்டும் குறைந்தபாடில்லை.

ஆனால் அரசியலமைப்புச் சட்டத்தை நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். அதில் ஆர்ட்டிகிள் 23 என்று ஒன்று. கூலி கொடுக்காமல் வேலை வாங்குவதையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. 1982-இல் ஆசியாட் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது: வறுமையால் வேறு வழியின்றி ஒருவர் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை செய்தால், அதுவும் கட்டாய உழைப்புதான். பரீட்சைக்கு வரும் கேள்வி. மாணவி அடிக்கோடு போட்டு, தீர்ப்பின் பெயர் எழுதி, பதினைந்து மார்க் வாங்கிவிடுவாள். அதோடு அந்த ஆர்ட்டிகிளை மறந்துவிடுவது அவள் உடம்புக்கு நல்லது.

ஏனென்றால் அடுத்து அவள் பதிவு செய்ய வேண்டும். 1961-ஆம் வருட வழக்கறிஞர்கள் சட்டப்படி கட்டணம் மாநில பார் கவுன்சிலுக்கு 600, அகில இந்திய பார் கவுன்சிலுக்கு 150, ஆக 750 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125. இதை வைத்துக்கொண்டு நாட்டின் பல பார் கவுன்சில்கள் 15,000-லிருந்து 42,000 வரை கறந்துகொண்டிருந்தன. சட்டத்தைக் காப்பாற்ற வந்த அமைப்புகள், தங்களை உருவாக்கிய சட்டத்தையே வாசலில் நின்று மீறின. 2024 ஜூலை 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது. மகிழ்ச்சி! ஆனால் அதுவரை வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டாமாம். நகையை அடகு வைத்துக் கட்டிய அப்பன் அம்மா, தீர்ப்பை ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்ளலாம்.

பதிவும் ஆயிற்று. இனி சேம்பர். தம்புச் செட்டித் தெருவில் மாடிப்படி ஏறிப் பாருங்கள். காலையில் பூட்டைத் திறப்பவள் ஜூனியர். காஸ் லிஸ்ட் பார்ப்பவள் ஜூனியர். சித்திரை வெயிலில் கறுப்புக் கோட்டோடு கேஸ் கட்டைச் சுமந்து ஓடுபவள், ஜெராக்ஸ் கடையில் நிற்பவள், சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கும்போது எழுந்து நின்று "பாஸ் ஓவர் மை லார்ட்" என்று கெஞ்சுபவள், எல்லாம் அவளே. சேரும்போது கேட்கப்பட்ட சட்டக் கேள்வி ஒன்றே ஒன்று: "கல்யாணம் எப்பம்மா?" மாதக் கடைசியில் பஸ்சுக்கு என்று ஏதோ கையில் திணித்தால் அது சீனியரின் பெருந்தன்மை. கேட்டால் பதில் தயார்: "நாங்கல்லாம் எங்க சீனியர்கிட்ட ஒரு பைசா வாங்கினதில்லம்மா. தொழில் கத்துக்குடுக்கறதே பெரிய விஷயம்." சொல்லிவிட்டு ஐயா லேபர் கோர்ட்டுக்குக் கிளம்புவார், ஒரு தொழிலாளியின் சம்பள பாக்கிக்காக நெஞ்சு விம்ம வாதாட. அந்தக் கட்டைச் சுமந்துகொண்டு பின்னால் போவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

உயர் நீதிமன்றத்துக்கே இது பொறுக்கவில்லை. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 கொடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்புங்கள் என்று 2024 ஜூனில் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அகில இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமத்துக்கு 15,000 என்றது. ஆனால் அது வெறும் பரிந்துரை. பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று ஜூனியருக்கு யாராவது பரிந்துரை செய்தார்களா?

சரி, இந்த வம்பே வேண்டாம், பரீட்சை எழுதி நீதிபதி ஆகிவிடலாம் என்று ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வழி இருந்தது. 2025 மே 20-ஆம் தேதி அதற்கும் கதவு போட்டாயிற்று. மூன்று வருடம் பிராக்டிஸ் செய்தவர்தான் சிவில் நீதிபதி பரீட்சை எழுதலாம் என்றது உச்ச நீதிமன்றம். அனுபவம் வேண்டும் என்பதில் தப்பில்லை. அந்த மூன்று வருடம் சோறு யார் போடுவது? அனுபவத்துக்கான சான்றிதழில் கையெழுத்துப் போடப்போவது பத்து வருடத்துக்கு மேல் தொழில் செய்த வக்கீல், பெரும்பாலும் அதே சீனியர். சம்பளம் என்று வாயைத் திறந்தால் கையெழுத்து போச்சு. எனவே நாளைக்கு பெஞ்சில் உட்காரப்போவது, மூன்று வருடம் சும்மா உழைத்தாலும் வீட்டில் சாப்பாடு கிடைக்கிற பிள்ளைகள். அவர்கள் முன்னால்தான் கூலி கிடைக்காதவன் கைகட்டி நிற்பான்.

சீனியர் ஐயாக்களே, அம்மாக்களே, ஆர்ட்டிகிள் 23-ஐப் பற்றி நீங்கள் எங்களுக்கு வகுப்பு எடுத்தது போதும். ஒன்றாம் தேதி 20,000 ரூபாயை ஜூனியர் கணக்கில் போடுங்கள். போட முடியாதவர்கள் அந்தக் கட்டைத் தாங்களே தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்கு நடங்கள்.