கார்ட்டூன் நளன்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. பிள்ளை பசியோடு சோபாவில் உட்கார்ந்து பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறான். அடுக்களையில் அப்பா அவனுடைய ஸ்கேலை எடுத்துவைத்துக்கொண்டு கத்திரிக்காய் வில்லையின் கனத்தை அளக்கிறார். சந்தேகமே வேண்டாம், அது கார்ட்டூன் நளனின் வீடு.

வாரநாளில் இவருக்குச் சீனி டப்பா எங்கே இருக்கிறதென்று தெரியாது. ஆனால் 2007-இல் வந்த 'ராட்டடூயி' கார்ட்டூன் படத்தில் வரும் எலி என்ன சமைத்தது, எப்படிச் சமைத்தது என்பதை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். "ராட்டடூயி என்பது பிரான்சில் நீஸ் பக்கத்துச் சாதாரண வீட்டுச் சாப்பாடு. படத்தில் வட்ட வட்டமாக அடுக்கி வருகிறதே, அது வேறு. அதற்குப் பெயர் கான்ஃபி பியால்டி. 1976-இல் மிஷெல் கெரார் என்ற சமையல்காரர் செய்தது. படத்துக்காக அதைத் திருத்திக் கொடுத்தவர் தாமஸ் கெல்லர்." இத்தனையும் சொல்லி முடிப்பதற்குள் குக்கரில் நான்கு விசில் வந்துவிடும்.

அடுக்கிய தட்டு மேசைக்கு வருகிறது. நளனின் அம்மா எட்டிப் பார்க்கிறாள்.

"ஏண்டா, கத்திரிக்காய்க் கூட்டுதானே இது? எதுக்குக் கொலு வெச்சிருக்கே?"

நளன் காதில் வாங்குவதில்லை. அவர் கண் முழுக்கப் பிள்ளையின் முகத்தில். கையில் போன், வீடியோ ஓடுகிறது. படத்தில் ஆன்டன் ஈகோ என்ற கடுகடுப்பான விமர்சகர் ஒரு வாய் எடுத்து வைத்ததும், கையிலிருந்த பேனா நழுவ, நேராகச் சின்ன வயசுக்குப் போய்விடுவார். தன் வீட்டிலும் அப்படி ஒன்று நடந்துவிடாதா என்று இவர் காத்திருக்கிறார். பிள்ளைக்கு வயது ஆறு. அவன் எவ்வளவுதான் பின்னால் போனாலும் எல்.கே.ஜி. வரைக்கும்தான் போக முடியும். "பிஸ்கட் தீந்துபோச்சுப்பா" என்கிறான் அவன்.

அந்த எலிக்கு இருந்த வசதி இவருக்கில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதற்குக் கூடமாட வேலை செய்ய ஒரு எலிக்கூட்டமே வந்தது. சோதனைக்கு வந்த சுகாதார ஆய்வாளரை அந்த எலிகள் கட்டிப் போட்டுவிட்டன. இங்கே அந்தப் பதவியில் மனைவி இருக்கிறார். கட்டிப்போட வழியில்லை. "என்னங்க, சமைச்சது ஒரு தட்டு. சிங்க்ல பதினேழு பாத்திரம் கிடக்கு. உங்க படத்துல இதெல்லாம் யாரு தேய்ப்பாங்க?" நியாயமான கேள்வி. பாத்திரம் சிங்க்குக்குப் போகுமுன் படத்தில் அடுத்த காட்சி வந்துவிடும்.

நளனுடைய அடுத்த பிரிவு பானங்கள். 'ஃப்ரோசன்' படத்துப் பனிக்கோட்டை நிறத்தில் சர்பத் வேண்டும். கடை நிறப்பொடி ஆகாது. ஆகவே விடியற்காலையில் பக்கத்து வீட்டு வேலியில் சங்குப்பூ பறிக்கப் போகிறார். அங்கே ஏற்கெனவே பூஜைக்குப் பறித்துக்கொண்டிருக்கும் மாமியோடு ஒரு சின்னத் தகராறு. மிஞ்சிய பூவைக் காம்பு கிள்ளி, கொதித்த தண்ணீரில் போட்டு மூடுகிறார். கொஞ்ச நேரத்தில் இதழெல்லாம் வெளுத்துச் சாயம் முழுக்கத் தண்ணீரில் இறங்கிவிடும். பார்த்தால் பேனா மையேதான். ஆறியதும் சர்க்கரைப் பாகு, ஊறிய சப்ஜா விதை, ஐஸ். கடைசியாகப் பிள்ளையின் கண்ணெதிரே அரை மூடி எலுமிச்சை. நீலம் அப்படியே கலங்கி ஊதாவாகிறது.

"அந்தோசயனின்னு ஒரு நிறமி இருக்குடா கண்ணா. புளிப்பு பட்டா நிறம் மாறும்."

"சூப்பர்ப்பா! இன்னொரு தடவை மாத்துங்க!"

எலுமிச்சம்பழம் தீரும்வரை மாற்றுகிறார். மேசை நிறைய ஊதாத் தம்ளர்கள். குடிக்கத்தான் ஆளில்லை.

ஜெல்லி விஷயத்தில் மட்டும் இவரைக் குறை சொல்ல முடியாது. ஜெலட்டின் விலங்கிலிருந்து வருவது; அம்மா காதில் விழுந்தால் வீடு இரண்டுபடும். போதாததற்குச் சென்னை வெயிலில் மேசைக்கு வருமுன் உருகி ஓடும். அகர் அகர் எனும் கடல்பாசி அப்படியில்லை. கொதிக்கவிட்டு ஊற்றினால் ஃபிரிட்ஜ் இல்லாமலே உறையும், மே மாதத்துக்கும் அசையாது. பாசி சற்றுக் கூடிப்போனால் கரண்டிக்கும் அசையாது.

நளனுக்குப் படிப்பு நிறைய, பாடம்தான் ஏறுவதில்லை. 'இன்சைட் அவுட்' படத்தில் ரைலி என்ற சிறுமி முகம் சுளிக்கும் புரோக்கோலியை ஜப்பானியப் பதிப்பில் பச்சைக் குடைமிளகாயாக மாற்றினார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பிடிக்காதது அதுதானாம். இதை எல்லாரிடமும் சொல்லி, "தமிழில் எடுத்தால் பாகற்காய்தான்" என்று சிரிப்பார். சிரித்துக்கொண்டே பிள்ளையின் பீட்சாவில் புரோக்கோலியைத் தூவுவார். 'போன்யோ' படத்தில் அம்மாக்காரி செய்வது உடனடி நூடுல்ஸ். வெந்நீர் ஊற்றி மூடிவைத்தால் தீர்ந்தது. இவரோ அதற்கான சூப்பைச் சனிக்கிழமை ராத்திரியே அடுப்பில் ஏற்றிவிடுவார். 'குங் ஃபூ பாண்டா'வில் அந்த வாத்து அப்பா தன் சூப்பில் ரகசியப் பொருள் என்று எதுவுமே இல்லை என்று ஒப்புக்கொள்ளும் இடத்தில் இவருக்குக் கண் கலங்கும். மறுநாள் அதே சூப்பில் பதினோரு பொருள் போடுவார். அம்மாவிடம் ரசத்தின் ரகசியம் கேட்டால், "என்னத்தப் போட்டேன், புளியைக் கரைச்சு விட்டேன்" என்பாள். அதையும் நோட்டில் குறித்துக்கொள்வார்.

பிறந்தநாள் வந்தது. இந்தத் தடவை கார்ட்டூன் மினியன் வடிவில் இட்லி. மாவில் மஞ்சள் தூள், கேரட் வளையத்தில் கண்ணாடி, நடுவில் மிளகுக் கண், இடுப்புக்குக் கீழே சங்குப்பூ நீலம். ஒன்றுக்கு இரண்டு கண், இன்னொன்றுக்கு ஒற்றைக் கண். அதிலெல்லாம் பிசகே கிடையாது. வந்த குழந்தைகள் கை தட்டின, படம் எடுத்துக்கொண்டன. ஒன்றுகூடச் சாப்பிடவில்லை.

"ஏண்டா, பிடிக்கலையா?"

"பாவம்ப்பா, பாக்குது."

நாற்பது மினியன்களும் ராத்திரி ஃபிரிட்ஜுக்குப் போயின. மறுநாள் காலை நளன் ஆபீஸ் பையோடு தொங்கிய முகமாகக் கிளம்ப, அம்மா அத்தனையையும் உதிர்த்தாள். கடுகு, உளுத்தம்பருப்பு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து ஒரு புரட்டு, இட்லி உப்புமா. பிள்ளை ஒரு தட்டு தின்று, இரண்டாம் தட்டை நீட்டினான்.

"சூப்பரா இருக்கு பாட்டி! இது எந்தப் படத்துல வருது?"

"படத்துல எங்கடா வருது? ஞாயித்துக்கிழமை உங்கப்பன் சமைச்சா, திங்கக்கிழமை வரும்."