பேட்டிங் அணி அம்பயரின் நடுவுநிலை: ஒரு திணைநிலை ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

ஞாயிற்றுக்கிழமை மைதானக் கிரிக்கெட்டில் அம்பயரை யாரும் நியமிப்பதில்லை. பேட்டிங் செய்யும் அணியில் சும்மா உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து, “மச்சி, ரெண்டு ஓவர் போய் நில்லுடா” என்பார் கேப்டன். அவரும் பாதி டீயைக் கீழே வைத்துவிட்டுப் போய் நிற்பார். தன் வழக்குக்குத் தானே தீர்ப்புச் சொல்லும் இந்த நீதிபதியை வைத்துக்கொண்டு ஓர் ஆட்டம் எப்படி முடிகிறது என்பதே நம் வினா.

நடுவர் முழு நடுவுநிலையோடு இருக்க வேண்டும் என்கின்றன எம்.சி.சி.யின் விதிகள். சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நம்பி இருந்துவிடவில்லை. டெஸ்ட் போட்டிகளுக்கு 1994 முதல் ஒரு நடுவரையும், 2002 முதல் இருவரையும் ஆடும் அணிகளைச் சாராத நாடுகளிலிருந்து வரவழைக்கத் தொடங்கியது. விமானக் கட்டணம் இல்லாமல் அதே பயனை அடைய முடியும் என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

2. திணை விளக்கம்

முதற்பொருளில் நிலம், தி.நகர் சோமசுந்தரம் மைதானம்போல ஒன்றுக்குள் ஒன்றாகப் பல ஆட்டங்கள் நடக்கும் இடம். ஓர் அணியின் மிட்விக்கெட் இன்னோர் அணியின் ஸ்லிப்புக்குப் பின்னால் நிற்பார். பெரும்பொழுது இளவேனில். சிறுபொழுது காலை, அதாவது வெயில் ஏறி, “கறி வாங்கப் போனியா, கடை தொறக்கப் போனியா” என்று வீட்டிலிருந்து போன் வரும்வரை. கருப்பொருளில் தெய்வம் தோனி, உணவு பன்னும் டீயும், மரம் பைகள் தொங்கும் வேம்பு, பறை பைக் ஹாரன். மாந்தர், திங்கள் முதல் சனிவரை மேனேஜரிடம் அவுட்டாகி வருபவர்கள். உரிப்பொருள், அவுட்டும் அவுட் நிமித்தமும்.

3. சார்பு வெளிப்படும் இடங்கள்

எல்.பி.டபிள்யூ. 1774-லேயே விதிகளில் ஏறிவிட்டது. டென்னிஸ் பந்து ஆட்டத்தில் நம்மவர்கள் அதை அடியோடு நீக்கிவிட்டார்கள். மனித இயல்பை அறிந்து இயற்றப்பட்ட சட்டங்களில் இதற்கு இணை அரிது.

ரன் அவுட்டில், “கோட்டைத் தாண்டிட்டான்” என்பது நிலையான தீர்ப்பு. கோடு செருப்பால் கிழிக்கப்பட்டது. மூன்றாம் ஓவரிலேயே அழிந்திருக்கும். இல்லாத கோட்டைத் தாண்டுவது எளிது. வைடைப் பொறுத்தவரை, பந்து கீப்பரை அடையும் முன்பே அம்பயரின் கைகள் விரிந்துவிடும். கீப்பர் கேட்ச்சுக்கு உரிய விடை, “சத்தம் கேக்கல.” இதைப் பொய் என்று தள்ள முடியாது. டென்னிஸ் பந்து மட்டையின் விளிம்பை உரசினால் பெரிதாகச் சத்தம் வராது. வந்தாலும் பக்கத்து ஆட்டத்தின் அப்பீல் அதை விழுங்கிவிடும்.

4. அம்பயர் வகைமை

முதல் வகை, அவுட்டாகி வந்தவர். தான் வாழாத பிட்ச்சில் பிறர் வாழ்வதைக் காணும் துயரம் இவருடையது. துணைக்கு ஆள் தேடுவார். ஆனால் கேப்டன் முகத்துக்கு அஞ்சுவார்.

இரண்டாம் வகை, பதினோராம் ஆள். பேட்டிங் வராது என்று தெரிந்தவர் என்பதால் பற்றற்றவர், கவனமும் அற்றவர். “என்ன ஆச்சு?” என்று பௌலரிடமே கேட்பார்.

மூன்றாம் வகை, அடுத்து இறங்க வேண்டியவர். பந்துக்கும் பந்துக்கும் நடுவே வெறுங்கையால் கவர் டிரைவ் ஆடிப் பார்ப்பது இவரை அடையாளம் காட்டும். இவர் மனத்தை ஆள்வது காஜி எனப்படும் பேட்டிங் பேராசை. ஆட்டமோ பன்னிரண்டே ஓவர். உள்ளே நிற்பவர் கட்டை போட்டுக்கொண்டிருந்தால் தன் ஞாயிறு வீணாகிவிடும் என்பது இவருக்குத் தெரியும். இந்நிலையை விளக்க ஒரு நூற்பா செய்தோம்:

டொக்குவைத் தொருவன் தொடர்ந்து நிற்பின்
சத்தம் கேட்கும் அடுத்தவன் செவிக்கே.

உரை: டொக்கு, அடிக்காமல் தடுத்தல். சத்தம், விளிம்பில் பந்து உரசியது. செவிக்கே என்னும் ஏகாரம் பிரிநிலை. பிறர் எவர்க்கும் கேளாது என்க.

5. முடிவும் பரிந்துரையும்

அணிப்பற்று “நாட் அவுட்” என்கிறது. காஜி “அவுட்” என்கிறது. இரண்டும் தன்னலமே. எதிரெதிராக இழுப்பதால், விரல் ஏறக்குறைய உயர வேண்டிய நேரத்தில்தான் உயர்கிறது. நேர்மையானவர் ஒருவர்கூட இல்லாத இடத்தில் நேர்மை இப்படித்தான் விளைகிறது. எதிரணிக் கேப்டன் கத்துவாரே தவிர ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு போகமாட்டார். அடுத்த இன்னிங்ஸில் நிற்கப்போவது அவருடைய ஆள்.

ஆகவே அம்பயராக அடுத்து இறங்குபவரையே நிறுத்துக. அப்பீல் செய்யாமல் அவுட் கொடுக்கக் கூடாது என்பது விதி. பந்துவீசும் அணி “ஹவ்ஸ் தட்” என்பதோடு, “இன்னும் மூணு ஓவர்தான் இருக்கு” என்றும் சேர்த்துக் கத்தினால் நடுவுநிலை மேலும் வலுப்பெறும்.