வில்லியனூரில் இரண்டு முட்டை

டோர்ட்முண்ட்,
ஞாயிறு இரவு

பாகூர் வீட்டார் அனைவருக்கும்,

மாமா இங்கு நலம். அங்கு எல்லோரும் நலமா என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை. இன்று உங்கள் சாயங்காலத்தில் ஒரு மணி நேரம் மொத்தக் குடும்பத்தையும் கணினியில் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆறு மணி ஜெர்மன் வகுப்புக்கு ஐந்தரைக்கே முகம் கழுவிப் பவுடர் போட்டு உட்கார்ந்தது பாப்பா. பின்னால் ஆயா, பக்கத்தில் பாப்பாவின் அம்மாவான அக்கா, ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு சொல்தா தாத்தா. டீச்சரம்மா மட்டும் வரவில்லை.

தப்பு அவர் மேல் இல்லை. அக்டோபர் கடைசி ஞாயிறன்று ஐரோப்பா முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். கோடையில் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும் ஜெர்மனி, இன்று முதல் நாலரை மணி நேரம் பின்னால். டீச்சரம்மாவுக்கு மதியம் இரண்டரை என்றால் இரண்டரைதான். அது போன வாரம் பாகூரில் ஆறு, இந்த வாரம் ஏழு. இத்தனை வருடமாக இங்கே இருக்கும் மாமாவுக்கும் அது நினைவில்லை. ஆயாதான் ஞாயமான கேள்வி கேட்டார்: "கடியாரத்த இவங்களே திருப்பி வெச்சிக்குவாங்களா? கேக்க ஆளே இல்லியா?"

சொல்தா தாத்தாவுக்கு வேறு வருத்தம். பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, வேலை பார்த்து இன்னும் அங்கிருந்தே பென்ஷன் வாங்குகிறவர். 1954 வரை பிரெஞ்சுக்காரன் ஆண்ட மண்ணில், பாகூர் என்ற பேரை இங்கிலீஷில் எழுதும்போதுகூட 'ஊ'வுக்குப் பிரெஞ்சு வழக்கப்படி ஓ-யூ போடுகிற ஊரில், பெண்ணுக்கு எதற்கு ஜெர்மன் என்கிறார். அக்காவிடம் பதில் தயாராக இருக்கிறது. ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. திறன்பெற்ற இந்தியத் தொழிலாளர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக்கப்போவதாக 2024 அக்டோபரில் ஜெர்மன் அரசு அறிவித்தது. அந்தத் தொண்ணூறாயிரத்தில் ஒன்றை அக்கா அன்றைக்கே துண்டு போட்டுப் பிடித்துவிட்டார்.

பாப்பாதான் வாயைத் திறக்க மாட்டேன் என்றது. வயது பதினாறு. மளிகைக் கடையில் சில்லறை குறைந்தாலும் கேட்காமல் வந்துவிடும் பெண், தெரியாத அம்மாவிடம் தெரியாத பாஷையில் எப்படிப் பேசும்? டீச்சரம்மா முதல் நாளே, "உன்னை 'டூ' என்று கூப்பிடட்டுமா, 'ஸீ' என்று கூப்பிடட்டுமா?" என்று கேட்டார். டூ என்றால் நீ, ஸீ என்றால் நீங்கள். பதினாறை ஒட்டிய வயதில் மாணவர்களை ஆசிரியர்கள் 'நீங்கள்' என்று அழைக்கத் தொடங்குவது இங்கே வழக்கம். பிறந்ததிலிருந்து யாரும் நீங்கள் என்று சொல்லாத பாப்பா மிரண்டுபோய்த் தலையை ஆட்டியது. நம் ஊர்த் தலையாட்டல். அது ஆமாமா இல்லையா என்று ஜெர்மனியில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

பாப்பாவைக் குறை சொல்ல மாமாவுக்கு யோக்கியதை இல்லை. வந்த புதிதில் ரொட்டிக் கடையில் விரலால் காட்டியே காலம் தள்ளியவர் அவர். விரலுக்கு எட்டிய தட்டில் கசகசா தூவிய பன் மட்டும் இருந்ததால் மூன்று மாதம் அதுதான் காலைப் பலகாரம். காலி பாட்டிலை விழுங்கிவிட்டு 25 சென்ட்டுக்குச் சீட்டு நீட்டும் இயந்திரம் ஒன்றுதான் அவரிடம் மறு கேள்வி கேட்காத ஜெர்மன் ஜீவன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலுக்கு ஓடிவிடுவார். ஈழத் தமிழர்கள் எழுப்பி, 2002-இல் குடமுழுக்கு நடந்த கோயில். வில்லியனூர்த் தேர் மாதிரி அங்கேயும் தேர் உண்டு. வடம் பிடிக்க ஜெர்மன் வேண்டாம்.

மூன்றாவது வகுப்பில்தான் முட்டை வந்தது. ஏ1 தேர்வின் பேச்சுப் பகுதியில் தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும், ஒரு சொல்லை எழுத்துக் கூட்டிச் சொல்லவும் வேண்டும். தலைப்பிள்ளை என்பதால் பாப்பா பிறந்தது அம்மா வீட்டில், வில்லியனூரில். அதை எழுத்துக் கூட்டச் சொன்னார் டீச்சரம்மா. ஜெர்மனில் 'வி' எழுத்துக்குப் பேர் 'ஃபௌ', 'ஐ' எழுத்துக்குப் பேர் 'ஈ'. பாப்பா பழக்கத்தில் இங்கிலீஷ் 'ஐ' சொன்னது. ஜெர்மனில் ஐ என்றால் முட்டை. வில்லியனூரில் அது இரண்டு முறை வருகிறது. "உங்கள் ஊரில் இரண்டு முட்டையா?" என்று டீச்சரம்மா சிரிக்க, மாமா குறுக்கே பாய்ந்து திருத்த, அக்கா அதட்ட, ஆயா "இன்னா சொல்றாங்க?" என்று கேட்க, பாப்பா மறுபடி ஊமை.

போன வாரம் நடந்ததை டீச்சரம்மாதான் மாமாவிடம் சொன்னார். அன்று வீட்டில் எல்லோரும் நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தார்கள். மாமாவுக்கும் வேலை. பாப்பா தனியாக இருந்தது. பின்னால் தொங்கிய வாழைச் சீப்பைக் காட்டி அதன் தமிழ்ப் பெயரைக் கேட்டிருக்கிறார். "வாழைப்பழம்." அவர் "வாலைப்பலம்" என்றார். "நைன்!" என்றது பாப்பா. இல்லை என்று அர்த்தம். யாரும் கேட்காமல் அதன் வாயிலிருந்து வந்த முதல் ஜெர்மன் சொல். பிறகு நாக்கை எங்கே மடக்குவது என்று சொல்லித்தர வேண்டியிருந்தது. நாக்குக்கு 'ட்ஸுங்கெ', பின்னால் என்பதற்கு 'ட்ஸுரூக்' என்று தேடித் தேடிப் பேசியிருக்கிறது. பதிலுக்கு அவர், உதட்டைக் குவித்துக்கொண்டு 'ஈ' சொன்னால் வரும் ஜெர்மன் உயிரெழுத்தைக் கற்றுக்கொடுத்தார். நாற்பது நிமிடம் இருவரும் முகத்தைக் கோணிக்கொண்டு இருந்தார்களாம்.

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மானியரும் இப்படித்தான் தொடங்கினார். திண்ணைப் பள்ளி வாத்தியாரை வீட்டுக்கே வரவழைத்து, பிள்ளைகளோடு பிள்ளையாக மணலில் விரலால் எழுத்துப் பழகினார். பத்தே வருடத்தில், 1716-இல், அவர் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் ஹாலே நகரில் அச்சேறியது. அவருக்குப் பின்னால் ஆயா உட்கார்ந்திருந்ததாகத் தகவல் இல்லை.

ஆயா கோபிக்க வேண்டாம். ஜெர்மன் இலக்கணத்தில் ஆயாவுக்கு ஏற்கெனவே பாதி தெரியும். சிறு பெண்ணைக் குறிக்கும் 'மேட்ஹென்' என்ற சொல் ஜெர்மனில் பெண்பால் இல்லை, அஃறிணை மாதிரி. சின்னது என்று செல்லமாகக் காட்டும் 'ஹென்' விகுதி எதில் ஒட்டினாலும் அது அஃறிணையாகிவிடும். இதையும் சேர்த்து எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் 1880-இல் ஜெர்மன் மொழியை நையாண்டி செய்து ஒரு கட்டுரையே எழுதினார். "பாப்பா சாப்ட்டுச்சா?" என்று தினம் கேட்கும் ஆயா இருந்த வீட்டில் அவர் வளர்ந்திருந்தால் அவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டார். காரணம் சொல்லும் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் போய் நிற்பதும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புதிது இல்லை.

மார்ச் கடைசி ஞாயிறு வரும் வரை வகுப்பு ஏழு மணிக்கு. ஆயாவும் அக்காவும் அந்த நேரத்தில் ஏரிக்கரைப் பக்கம் காலாற நடந்துவிட்டு வரவும். சொல்தா தாத்தாவையும் அழைத்துப் போகவும். மாமாவும் இனி வகுப்பில் எட்டிப்பார்க்க மாட்டார். போகும்போது வாழைச் சீப்பை மட்டும் கழற்றிவிட வேண்டாம்.