கீசருக்குப் பொட்டு இல்லை

ஆயுத பூஜையன்று மிக்ஸி, கிரைண்டர், ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு உண்டு. குளியலறைச் சுவரில் தொங்கும் கீசருக்கு அதுவும் கிடையாது.

சென்னைப் புறநகரில் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் கடினநீர். சூடானதும் அதிலுள்ள கால்சியம் வெள்ளைப் படிவமாகக் காயிலில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அந்த 2,000 வாட் காயில் முதலில் சுண்ணாம்பைக் குளிப்பாட்டும். தண்ணீரின் முறை பிறகுதான். கரண்ட் பில் ஏறினால் நாமோ மீட்டரைச் சந்தேகிப்போம்.

தொட்டிக்குள் மெக்னீசியக் கம்பி ஒன்று இருக்கிறது. தொட்டி துருப்பிடிக்காமலிருக்கத் தான் கரைந்து போவதே அதற்கு உத்தியோகம். இப்படியொரு தியாகி வீட்டிலிருந்த சேதி, தொட்டி ஒழுகிய பிறகு மெக்கானிக் சொல்லித்தான் தெரியும். “ராடே இல்லையே சார்!” என்பார், இரங்கல் கூட்டக் குரலில்.

பிரஷர் வால்வு சொட்டுகிறது என்று எம்-சீல் வைத்து அடைக்கும் குடும்ப விஞ்ஞானிகள் வேறு. மிஞ்சிய அழுத்தம் வெளியேறத்தான் ஐயா அந்த வால்வு! அதை அடைத்தவர் வீட்டில் குண்டு வைக்க வெளியாள் தேவையில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை சர்வீஸுக்கு ஆளைக் கூப்பிடுங்கள். ராடையும் பார்க்கச் சொல்லுங்கள். வால்வு சொட்டினால் ஸ்விட்சை அணைத்துவிட்டு மெக்கானிக்கிடம் விடுங்கள்.